கடைசி இரண்டு விரற்கடை

வடமேற்குக் காற்று பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் நாய்கூட ஒழுங்காகச் சாப்பிடாது. மலைக்கு மேலே மேகம் வில்லாக வளைந்து நிற்கும். அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். இங்கே சமவெளியில் ஒரு சொட்டு விழாது. உதடு வெடிக்கும், தகரக் கூரை படபடக்கும், புருஷனும் பெண்டாட்டியும் உப்புச் சப்பில்லாத விஷயத்துக்குச் சண்டை போடுவார்கள். ரக்காயா ஆறு மட்டும் சுள்ளென்ற வெயிலிலேயே நீலம் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும்.

அந்த வருஷம் ஜெட் படகுப் பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தக் காற்றுதான் அடித்தது.

நான் குடியிருந்தது மர்ரி வீட்டுக் கொல்லையில் இருந்த ஒற்றை அறையில். வேலையும் அவருடைய பம்பு ரிப்பேர் பட்டறையில்தான். வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பெரிய பம்புகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவோம். வாரத்தில் இரண்டு மாலை ஆஷ்பர்ட்டனுக்குப் போய் எஞ்சின் வகுப்பில் உட்கார்ந்து வந்தேன். அதனால் மர்ரியின் மைத்துனன் கிரேம் எனக்கு வைத்த பெயர் 'காலேஜு'.

மர்ரியின் மனைவி ரேவின் பால் லாரி ஓட்டுகிறவள். விடியுமுன் எழுந்து பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சிக்கொண்டு ஆலைக்குப் போவாள். அவ்வளவு பெரிய லாரியை ஒரு கையால் திருப்பிக்கொண்டே மறு கையால் ஆப்பிள் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். படகை ஓட்டுவதும் அவள்தான். அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. எஞ்சின் மூடிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் மர்ரியுடையது, முன்னால் இருப்பதெல்லாம் ரேவினுடையது. அவர் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். அவள் மூடியைத் திறக்க மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம்.

வெள்ளி மாலை பட்டறையில் மர்ரி படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஜெட் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிவயிற்றில் இருக்கும் கம்பிக் கிராதி வழியாக ஆற்றை உறிஞ்சி, உள்ளே இம்பெல்லர் என்ற சக்கரம் அதைச் சுழற்றிப் பின்பக்கமாகப் பீச்சும். படகு முன்னால் பாயும். அதனால்தான் கணுக்கால் ஆழத் தண்ணீரிலும் அது ஓடும். அதனால்தான் ஆற்றிலுள்ள கூழாங்கல்லெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளும் போகும். மர்ரி இம்பெல்லர் ஓரத்தை விரலால் தடவித் தடவி, எங்கே பிசிறு தட்டுகிறதோ அங்கே அரம் போட்டார். பின்பக்கப் பேரிங்குக்குக் கிரீஸ் அடித்தார். எஞ்சினைக் குளிரவைக்க ஆற்றுத் தண்ணீரே உள்ளே சுற்றும் என்பதால், வண்டல் தேங்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்து, மறுபடியும் கழுவினார். ஒவ்வொரு குழாயையும் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பையும் முறுக்கி, முறுக்கிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்தார்.

ரேவின் பன்றிக்கறியும் முட்டையும் உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட 'பை' பலகாரத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வெளிய வா. ஆறிப்போவுது."

"ஒரு நிமிஷம்."

"உன் ஒரு நிமிஷத்துல எனக்கு நரை விழுந்துடுச்சு. காலேஜு, நீ சாப்புடு. அந்தாளு கிரீஸ் தின்னுக்குவாரு."

மர்ரி அடியிலிருந்தே சொன்னார்: "நாளைக்கு ஆறு ஏறும். குப்பை வரும். அழுத்தி ஓட்டாதே."

"நான் எங்க அழுத்தறேன்." அவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. "அழுத்தறதெல்லாம் அந்தக் காலம்."

எனக்கு அப்போது அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின பந்தயத்தில் நடந்ததைக் கிரேம் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தான். ஒரு கிளாம்ப் நழுவி, குழாய் கழன்று, முழு வேகத்தில் எஞ்சின் செத்துவிட்டது. ஜெட் படகில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கும் போச்சு. பீச்சும் தண்ணீர்தான் படகைத் திருப்புவது. நேராகக் கரையோரத்து வில்லோ மரத்தில் போய்ச் செருகியது. ரேவினுக்குக் காறையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட முதல் கேள்வி படகு எப்படி இருக்கிறது என்பது. மர்ரி வெளியே போய் உட்கார்ந்துகொண்டாராம்.

சனிக்கிழமை ஆறு முழங்கால் உயரம் ஏறியிருந்தது. கிரேமும் நானும் எரிபொருள் டிரெய்லரோடு கரையோரமாகப் போய், ஆறு பல கால்வாய்களாகப் பிரிந்து பரவும் ஒரு திட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். கிரேம் வேலி போடும் தொழிலாளி. ஆள் கம்பம் மாதிரி இருப்பான். அவன் குரலைவிடப் பெரியது அவன் காலணி.

"இங்கதான் வேடிக்கை," என்றான். "தண்ணி மூணு விரல்தான். முழுசா அழுத்துனா படகு மேல நிக்கும், வழுக்கிட்டுப் போயிரும். கொஞ்சம் தயங்குனா உக்காந்துரும். பயந்தவன் இங்கதான் மாட்டுவான்."

படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. சத்தம் முதலில் வந்தது, பிறகு தண்ணீர் இறக்கை, அதன் பிறகுதான் படகு. ஒவ்வொன்றும் திட்டைத் தாண்டும்போது கூழாங்கல் கடகடவென்று அடிவயிற்றில் உரசும் ஓசை கேட்டது.

ரேவினின் மஞ்சள் படகு வந்தது. நல்ல வேகம்தான். ஆனால் ஆழமற்ற இடத்துக்கு வந்ததும் மற்றவர்கள் எஞ்சின் உறுமலை உயர்த்திய இடத்தில் இவள் சத்தம் உயரவில்லை. அப்படியே நின்றது. மூக்கு தாழ்ந்தது. சரளைக்கற்கள் நடுவே படகு உட்கார்ந்தது.

"அழுத்து ரே, அழுத்துடி," என்று கிரேம் முணுமுணுத்தான். பிறகு, "போச்சு" என்றான்.

நாங்கள் இடுப்பளவுப் பனித்தண்ணீரைக் கடந்து திட்டுக்குப் போய்த் தள்ளினோம். படகில் ரேவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மர்ரியும் குதித்துத் தள்ளினார். பின்னால் வந்த படகுகள் பக்கத்தில் பாய்ந்து எங்களை முழுக்க நனைத்துவிட்டுப் போயின. அதில் ஒருவன் கையை வாயில் குவித்து, "பால் கெட்டுப் போயிராம, மெதுவா போங்க" என்று கத்திவிட்டுப் போனான். ரேவின் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை முகாமில் ஆட்டுக்கறித் துண்டும் உருளைக்கிழங்கும் வெந்தன. காற்று புகையை எல்லார் கண்ணிலும் அடித்தது. மற்ற கூடாரங்களில் பாட்டும் பீரும் ஓடின. கிரேம்தான் ஆரம்பித்தான்.

"என்ன ஆச்சு உனக்கு? நல்லாத்தானே வந்தே."

"தெரியல."

"தெரியலன்னா?"

ரேவின் தட்டைக் கீழே வைத்தாள். "கால் போவமாட்டேங்குதுடா. முக்கால்வாசி போவுது. அதுக்கு மேல என்னமோ வந்து காலைப் பிடிச்சுக்குது. போன வருஷமும் அப்படித்தான். நாலு தடவை தரை தட்டுச்சு. எல்லாரும் ஆறு மோசம்னு சொன்னாங்க. ஆறு நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்த வில்லோ மரம்," என்றான் கிரேம்.

"அதுதான். மண்டைல நான் பயப்படல. காலுக்குப் பயம் வந்துருச்சு. லாரி ஓட்டும்போது இல்ல. படகுல உக்காந்தா வருது." அவள் நெருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்கு நீ ஓட்டு. நல்லா வந்துச்சுன்னா இனிமே எப்பவும் நீதான். பயந்த ஆளு ஸ்டியரிங்ல உக்காரக் கூடாது. மர்ரி பக்கத்துல உக்காந்துருக்கான். அவனையும் சேத்துக் கொல்ல முடியாது."

மர்ரி சட்டென்று, "வேண்டாம்" என்றார்.

"என்ன வேண்டாம்?"

"கிரேம் வேண்டாம். நீயே ஓட்டு. நல்லாத்தான் ஓட்டறே. பத்திரமா ஓட்டறே."

"பத்திரமா ஓட்ட பால் லாரி இருக்கு எனக்கு."

"அவனுக்கு இந்தப் படகு பழக்கமில்ல. எஞ்சினை நாசம் பண்ணிருவான்."

கிரேமுக்குச் சுருக்கென்றது. "என் கை அவ்வளவு மோசமா மர்ரி?"

"கை இல்ல," என்று மர்ரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார். மூடியைத் திறந்துவைத்து வெகுநேரம் உள்ளே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதையும் தொடாமல் மூடிவிட்டார். ரேவின் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாரு," என்றாள் மெதுவாக. "நான் கோழையாயிட்டேன்னு ஊருக்கே தெரியுது. அந்தாளு மட்டும் ஒத்துக்கமாட்டேங்கறான்."

அவள் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. நான் தட்டுகளைக் கழுவ எடுத்துப் போனேன்.

ஞாயிறு காலை காற்று நின்றிருந்தது. ஆறு இன்னும் ஏறி, பழுப்பாக, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. முந்தின நாளின் கால்வாய்கள் சில காணாமல் போய் வேறு இடத்தில் புதிதாகத் திறந்திருந்தன. தூரத்தில் முதல் படகுகள் கிளம்பும் சத்தம். கொடி பிடித்த ஆள் எண்களைக் கத்திக்கொண்டிருந்தான். எங்கள் எண்ணுக்கு முன்னால் ஐந்தாறு படகுகள்தான்.

கிரேம் ஓட்டுநர் இருக்கையில் தன்னைத் திணித்துக்கொண்டான். இருக்கையைப் பின்னால் தள்ளினான். எஞ்சினை முடுக்குமுன் வழக்கமாக எல்லாரும் செய்வதுபோல் ஆக்சிலேட்டரை ஒரு தடவை தரைவரை அழுத்தினான். நிறுத்தினான். மறுபடியும் அழுத்தினான்.

"என்னடா இது?"

"என்ன?" என்றாள் ரேவின்.

"முக்கால் வரைக்கும் வெண்ணெய் மாதிரி போவுது. அப்புறம் கன்னுக்குட்டி மேல கால் வச்ச மாதிரி எதுத்து உதைக்குது. கடைசி ரெண்டு விரற்கடைக்கு நான் எந்திரிச்சு நிக்கணும் போலிருக்கு. இதை எப்படி நீ ரெண்டு வருஷமா ஓட்டுன?"

ரேவின் படகின் விளிம்பில் கை வைத்தபடி நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மர்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"இறங்கு," என்றாள் கிரேமிடம். அவள் உட்கார்ந்து காலை வைத்து, மெதுவாக அழுத்தினாள். முக்கால்வாசியில் கால் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடை முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். அது போனது. தரை தட்டியது. காலை எடுத்தாள். பின்பக்கம் ஏறிப் போய் எஞ்சின் மூடியைத் தூக்கினாள்.

அவள் அந்த மூடியைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கார்புரேட்டர் பக்கத்தில் ஆக்சிலேட்டரைத் திரும்ப இழுக்க இரண்டு ஸ்பிரிங் இருந்தன. இரண்டு இருப்பதில் தப்பில்லை. ஒன்று அறுந்தால் எஞ்சின் முழு வேகத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எல்லாரும் இரண்டு போடுவார்கள்; பந்தய விதியே அது. ஒன்று மெலிதாக, வெள்ளையாக இருந்தது. மற்றது தடியாக, பச்சைப் பெயின்ட் அடித்து, கொஞ்சம் தொளதொளவென்று மாட்டியிருந்தது. மிதி முக்கால்வாசி தூரம் போன பிறகுதான் அது விறைக்கும்.

"காலேஜு," என்றாள். "இந்தப் பச்சை எந்த எஞ்சின்ல வரும்?"

நான் மர்ரியைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தப்பாகத் தெரிந்திருக்கக் கூடாதா என்று ஆசையாக இருந்தது. ஆனால் தினமும் கையில் எடுக்கும் சாமான்.

"எஞ்சின்ல வராது," என்றேன். "பம்பு வால்வுல வரும். நம்ம பட்டறைல, ரெண்டாவது தட்டுல இருக்கு."

பக்கத்தில் ஒரு படகு உறுமிக்கொண்டு கிளம்பியது.

"எப்ப போட்ட?" என்றாள்.

"நீ ஆஸ்பத்திரில இருந்து வந்த வாரம்."

"எதுக்கு?"

"எஞ்சினைக் கடைசி வரைக்கும் முறுக்கலன்னா அது சாவாது ரே. எல்லாம் செஞ்சேன். குழாய் மாத்துனேன், கிளாம்ப் மாத்துனேன். அப்பவும் தூக்கம் வரல. அது நடுவுல நின்னுச்சுன்னா உன் கைல ஸ்டியரிங்கும் இல்ல. கடைசி ரெண்டு விரலை மட்டும் கொஞ்சம் கனமாக்குனேன். அழுத்தணும்னா அழுத்தலாம். நீயா வேண்டாம்னு விட்ருவேன்னு நெனச்சேன்."

"நானா விட்டேன். நான் கோழைன்னு நெனச்சு விட்டேன். ரெண்டு வருஷமா ராத்திரி படுத்துக்கிட்டு இந்தக் காலைத் திட்டியிருக்கேன். உனக்குத் தெரியும். பக்கத்துலதானே படுத்திருந்த."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொன்னா கழட்டிருவே."

கிரேம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நேத்து அங்க உக்காந்தோம்ல," என்றாள் ரேவின். "பின்னாடி வந்தவன் கொஞ்சம் கண் அசந்திருந்தா நம்ம மேல ஏறியிருப்பான். ஆறு முழுசாக் கேக்கும்போது முக்கால் குடுத்தா அதுதான் ஆபத்து. நீ காப்பாத்துனது எஞ்சினை. என்னை இல்ல."

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்," என்றார் மர்ரி.

கொடிக்காரன் எங்கள் எண்ணுக்கு முந்தின எண்ணைக் கத்தினான்.

ரேவின் கையை நீட்டினாள். மர்ரி சட்டைப் பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பச்சை ஸ்பிரிங்கை அவளே கழற்றி, ஆற்றில் எறியப் போய், எறியாமல் என் கையில் வைத்தாள். "பட்டறை சாமான். எடுத்த தட்டுலயே வை."

"விதிப்படி ரெண்டு வேணும்," என்றான் கிரேம் தயங்கித் தயங்கி.

மர்ரி ஏற்கெனவே கருவிப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங்கை எடுத்தார். அது அந்தப் படகின் பழைய ஜோடியில் ஒன்று. இத்தனை நாளும் அவர் அதை வைத்திருந்தார். அதை மாட்டினார். ரேவின் மூடியை அறைந்து சாத்தினாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மர்ரி தண்ணீரிலேயே நின்றார். "நான் வரட்டுமா? இல்ல கிரேம்..."

"எஞ்சின் பார்க்கற ஆளு எனக்கு வேண்டாம்."

அவர் தலையசைத்து ஒரு அடி பின்னால் வைத்தார்.

"ஆறு பார்க்கற ஆளு வேணும்," என்றாள். "ராத்திரி எல்லாம் மாறிக் கிடக்கு. எந்த வாய்க்கால்ல தண்ணி இருக்குன்னு சொல்லணும். மீட்டரைப் பாக்காம உன்னால இருக்க முடியுமா? எண்ணெய் சூடு, தண்ணி சூடு, ஒண்ணும். பார்த்தா நடுவுல இறக்கி விட்டுட்டுப் போயிருவேன்."

மர்ரி ஏறி, வாரை மாட்டிக்கொண்டார்.

கிரேமும் நானும் டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைப் பறக்கவிட்டோம். வயல் பாதையில் புழுதி எழும்பியது. ஒரு வேலிக் கதவை நான் இறங்கித் திறந்து மூடுவதற்குள் அவன் மூன்று தடவை ஹாரன் அடித்தான். கோதுமை அறுத்த காட்டைக் குறுக்கே தாண்டி அதே திட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, நான் ஓடவே இல்லை என்றாலும்.

திட்டில் ஏற்கெனவே இரண்டு படகுகள் உட்கார்ந்திருந்தன. எல்லாரும் முந்தின நாள் தண்ணீர் இருந்த வலது பக்கக் கால்வாயையே நம்பி வந்திருந்தார்கள். இரவில் அது சரளையால் மூடிவிட்டது. ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நேற்று பாலைக் கிண்டல் செய்தவனும் அதில் ஒருவன். கிரேம் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

"வலது பக்கம் வந்தா இவனுங்க மேல ஏறணும்," என்றான். "இடது பக்கம் தண்ணியே தெரியல. புல்லுதான் தெரியுது."

சத்தம் கேட்டது. நான் அந்த எஞ்சினின் சத்தத்தைப் பட்டறையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. ஆற்றங்கரை மணல் காலுக்கடியில் அதிர்ந்தது. வளைவைச் சுற்றி மஞ்சள் படகு முழு நீளமும் தண்ணீருக்கு மேலே எழும்பி வந்தது. பின்னால் பீச்சிய தண்ணீர் வில்லோ மரங்களின் உயரத்துக்கு நின்றது.

"குறைச்சுருவா," என்றான் கிரேம். என் தோளைப் பிடித்த அவன் கை வலித்தது. "இப்ப குறைச்சுருவா பாரு. மூடிக் கிடக்கறதைப் பார்த்துட்டா. குறைச்சா போச்சு."

குறையவில்லை. படகுக்குள் மர்ரியின் இடது கை முழுசாக நீண்டது. புல் தெரிந்த பக்கத்துக்கு. அவர் தலை நேராக ஆற்றைப் பார்த்திருந்தது. ரேவின் கேள்வியே கேட்காமல் ஸ்டியரிங்கை வெட்டினாள். படகு பக்கவாட்டில் சறுக்கி, மூக்கு திரும்பி, எங்கள் கண்ணுக்குத் தண்ணீரே தெரியாத இடத்துக்குள் பாய்ந்தது. புல் சிதறியது. கூழாங்கல் அடிவயிற்றில் அடிக்கும் சத்தம் மழைக்காலத் தகரக் கூரைபோலக் கேட்டது. எஞ்சின் அந்தச் சத்தத்துக்கும் மேலே தன் உறுமலை ஏற்றிக்கொண்டது. பிறகு அவர்கள் திட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆழமான தண்ணீரில் ஓடினார்கள். படகு கண்ணிலிருந்து மறைந்ததும் அங்கே அலை மட்டும் இருந்தது.

கிரேம் கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டான். காற்று அடித்திருந்தால் நான் நம்பியிருப்பேன்.

பந்தயம் முடியும் பாலத்தடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் படகு சரளையில் மூக்கை ஏற்றி நின்றிருந்தது. எத்தனையாவதாக வந்தார்கள் என்று கிரேம் கேட்டான். ஒலிபெருக்கிக்காரன் சொன்னது எங்கள் காதில் சரியாக விழவில்லை; வரிசையின் நடுவில் எங்கோ ஓர் இடம். எஞ்சினிலிருந்து ஆவி வந்தது. ஒரு பக்கமாகச் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒழுகியது. மர்ரி மூடியைத் திறக்கவில்லை. ரேவினுக்குப் பக்கத்தில் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்.

ரேவினின் வலது கால் தொடையிலிருந்து பாதம்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்தாள். அது நிற்கவில்லை.

"ஒழுவுதே," என்றான் கிரேம்.

"ஒழுவட்டும்," என்றார் மர்ரி. பிறகு ரேவினிடம், மெதுவாக: "பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. அந்த வலது பக்க வாய்க்கால் மூடிக் கிடந்ததைப் பார்த்ததும் குலை நடுங்கிப் போச்சு." அவள் காலை மேலே தூக்கிக் காட்டினாள், தண்ணீர் சொட்டச் சொட்ட அது ஆடியது. "இந்தக் கால் அது பாட்டுக்குப் போச்சு மர்ரி. அவ்வளவு பயத்தோட, அது பாட்டுக்குத் தரை வரைக்கும் போச்சு."

அவர் தன் சட்டையைக் கழற்றி அந்தக் காலைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் விட்டாள். அவள் கோபம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. துடைத்து முடிக்கும்வரை அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"வீட்டுக்குப் போனதும்," என்றாள், "அந்த மூடிக்குப் பின்னால இருக்கறது ஒவ்வொண்ணும் என்னன்னு எனக்குச் சொல்லணும். ஒண்ணு விடாம."

"நாள் ஆவும்."

"ஆவட்டும். இப்பவே ஆரம்பி. அது என்ன ஒழுவுது?"

மர்ரி எழுந்து போய் மூடியைத் தூக்கினார். இந்தத் தடவை ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, அவளுக்கு இடம் விட்டார்.